இடப்பக்கத்து பிரேக்

ஜூன் 12, வியாழன்

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தாயிற்று. டயர் கடையில் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி ஆறு மாதமாகச் சும்மா கிடந்தது. வலி எப்படி இருக்கிறது என்று தினமும் எழுதிவைத்தால் நல்லது என்று ஃபிசியோதெரபி பெண் சொன்னாள், அதனால் எடுத்தேன். வலது தோளில்தான் ஆபரேஷன், விரல்களுக்கு ஒரு குறையும் இல்லை. கையைத் தொட்டிலில் போட்ட மாதிரி கழுத்தோடு கட்டிவைத்திருக்கிறார்கள். கைக்கும் விலாவுக்கும் நடுவில் ஒரு சின்னத் தலையணை வேறு. டைரியை மடியில் வைத்து எழுதினால் எழுத்து, புதிதாக வண்டி பழகுகிறவள் ஓட்டினது போல அங்கேயும் இங்கேயும் போகிறது.

தோள் எலும்பைப் பிடித்திருக்கும் தசைநார் கிழிந்துபோயிருந்ததாம். எப்படிக் கிழிந்தது என்று டாக்டர் கேட்டார். பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறேன், இடது சீட்டில் உட்கார்ந்திருப்பேன், அவர்கள் தப்பாகத் திருப்பினால் வலது கையை நீட்டி ஸ்டீரிங்கைப் பிடுங்குவேன் என்றேன்.

"எத்தன வருஷமா?"

"இருபத்திரண்டு."

"அப்ப இது ஒரே நாள்ல கிழிஞ்சது இல்லம்மா. தேஞ்சு தேஞ்சு கிழிஞ்சிருக்கு. இப்ப தச்சிருக்கேன். மறுபடி கிழிஞ்சா தைக்கதுக்குத் துணி கிடையாது, பாத்துக்கோங்க. நாலு மாசத்துக்கு ஸ்டீரிங்கத் தொடக் கூடாது. பொறுமை வேணும்."

என்னிடம் போய்ப் பொறுமையைப் பற்றிச் சொல்கிறார். நாயகி மகளிர் டிரைவிங் ஸ்கூல் காரின் பின்கண்ணாடியில் 'நிதானமே பிரதானம்' என்று எழுதவைத்தவளே நான்தான். இரண்டு மாதத்தில் இடது சீட்டில் உட்கார்ந்து காட்டுகிறேன்.

வீட்டுக்கு வந்தது ஆட்டோவில். எங்கள் பெருமாள்புரத்துக்குள் நுழைந்தால் அடிக்கு ஒரு வேகத்தடை. ஒவ்வொன்றிலும் கத்தினேன். இவர் வழி நெடுக என் முழங்கையை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு, "மெதுவாப்பா, மெதுவாப்பா" என்று ஆட்டோக்காரரைக் கெஞ்சிக்கொண்டே வந்தார். இவர் என்றால் என் வீட்டுக்காரர் சங்கரநயினார். கூட்டுறவுப் பண்டகசாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வந்து இறங்கினால், வாசலில் எங்கள் வெள்ளைக் கார் ஜம்மென்று நிற்கிறது. டிரைவிங் ஸ்கூல்காரி வீட்டில் கார் ஓட்டத் தெரிந்த ஆம்பளை கிடையாது. ஸ்கூல் தொடங்கின புதிதில் ஒரே ஒரு நாள் இவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். தெருமுனை பால் பூத் வரை போவதற்குள் எனக்கு ஆயுசு பாதி போய்விட்டது. "இறங்குங்க, ஒங்களுக்கு இது சரிப்பட்டு வராது" என்று நடுத்தெருவில் இறக்கிவிட்டு நானே ஓட்டிக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு இவர் வண்டியைப் பற்றி வாயே திறக்கவில்லை. எல்லாருக்கும் எல்லாம் வராது, அதைத் தெரிந்துகொள்வதும் ஒரு அறிவுதான்.

ஜூன் 14, சனி

ஃபிசியோதெரபி தொடக்கம். டைரி எழுதச் சொன்ன ஜெபராணியின் கிளினிக் டவுனில் இருக்கிறது. முப்பது வயது இருக்கும். சிரித்த முகம், பிடி மட்டும் இரும்பு. என்னைப் படுக்கவைத்து, கட்டை அவிழ்த்து, முழங்கைக்கு அடியில் ஒரு கையும் மணிக்கட்டுக்கு அடியில் ஒரு கையும் கொடுத்தாள்.

"கைய எங்கிட்ட விட்டுருங்க ஆன்ட்டி."

"விட்டுட்டேம்லா."

"விடல. ஒங்க கையில வெயிட்டே இல்ல பாருங்க. நான் தூக்கல, நீங்கதான் தூக்குதீங்க."

"ஒனக்குக் கஷ்டமா இருக்குமேன்னு கொஞ்சம் ஒத்தாச பண்ணுதேன்."

"அதுதான் கூடாது. ஆறு வாரத்துக்கு தச்ச இடம் வேலையே பாக்கப்பிடாது. அடுத்தவங்க தூக்கணும், நீங்க சும்மா இருக்கணும். கை கனக்கணும் ஆன்ட்டி, பிள்ளை தூங்கினா கனக்கும்லா, அப்படி."

ஒத்தாசை செய்வது தப்பு என்று முதல்முதலாக இன்றுதான் கேள்விப்படுகிறேன். அரை மணி நேரம் "விடுங்க, விடுங்க" என்று அவள் சொல்ல, "விட்டாச்சு, விட்டாச்சு" என்று நான் சொல்ல, கடைசியில் இரண்டு பேருக்கும் வேர்த்துவிட்டது.

வீட்டில் காலையும் மாலையும் பத்துப் பத்துத் தடவை இப்படித் தூக்க வேண்டுமாம். இவரைக் கூப்பிட்டு எங்கே பிடிப்பது, எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக்கொடுத்தாள். இவர் ஏதோ பரீட்சைக்குப் படிக்கிறவர் போலத் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

ஜூன் 17, செவ்வாய்

இவர் கையை நீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தாலே என் தோள் தானாகக் காதுவரை ஏறிக்கொள்கிறது. "நீங்க போய் அடுப்பப் பாருங்க" என்று அனுப்பிவிட்டேன். என் இடது கை என்னத்துக்கு இருக்கிறது? வலது மணிக்கட்டைப் பிடித்து நானே தூக்கிக்கொள்கிறேன். பத்துத் தடவைக்கு ஒரு பலன் என்றால் முப்பது தடவைக்கு மூன்று பலன். இது கூடவா அந்தப் பெண்ணுக்குத் தெரியாது?

வலி வருவதற்கு முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும் என்கிறாள். வருவதற்கு முன்னால் எப்படித் தெரியும்? வந்தால்தானே தெரியும்.

மாலையில் மாடி பால்கனியில் நின்றேன். கீழே ஒரு பெண் பள்ளத்தில் வண்டியை இறக்கிவிட்டு, பிறகு பிரேக் போட்டாள். "பள்ளம் வந்தப்பறம் என்ன பிரேக்கு? வாறதுக்கு முன்னாடியே தெரிய வேண்டாமா?" என்று இங்கிருந்தே சத்தம் போட்டேன். இன்னும் என் குரல் நாலு வீடு தாண்டிக் கேட்கிறது என்பதில் ஒரு திருப்தி.

ஜூன் 19, வியாழன்

நல்ல வலி. ஜெபராணி போனில் கேட்டாள். "லேசா" என்றேன்.

ஜூன் 23, திங்கள்

நான் இல்லாததால் மும்தாஜ் ஸ்கூலைப் பார்த்துக்கொள்கிறாள். என்னிடமே பழகி, என்னிடமே வேலைக்குச் சேர்ந்தவள். பிள்ளைகள் இரண்டும் வளர்ந்துவிட்டன, எட்டு வருஷமாகக் கூட இருக்கிறாள். நல்லவள்தான். சத்தம் போடத்தான் தெரியாது. சத்தம் இல்லாமல் யாருக்கு வண்டி வந்திருக்கிறது?

இன்று அவள் அழைத்துப்போன ஐந்து பேரும் டெஸ்ட்டில் பாஸ். ஆர்.டி.ஓ. ஆபீசில் அதிகாரி நல்ல மனநிலையில் இருந்திருப்பார்.

கீழே இறங்கிப் போய்க் காரைச் சோதித்தேன். டிரைவர் சீட்டை யாரோ நன்றாகப் பின்னால் தள்ளியிருக்கிறார்கள். கண்ணாடியும் மேலே பார்த்துக்கொண்டிருக்கிறது.

"இவ்வளவு ஒசரமா யாருட்டி?"

மும்தாஜ் சாவிக்கொத்தைப் பார்த்தாள். "புதுசா ஒரு டீச்சர் சேந்திருக்காங்க அக்கா. விக்டோரியா டீச்சர். காலைல வெள்ளன வருவாங்க."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நீங்க ரெஸ்ட்ல இருக்கீங்கல்லா அக்கா."

ஜூன் 27, வெள்ளி

இவர் போக்கு சரியில்லை. காலையில் மகாராஜநகர் உழவர் சந்தைக்கு என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். ஒரு மணி நேரம் கழித்து, சட்டையெல்லாம் நனைந்து, ஒரு கட்டு கீரையோடு வருகிறார். ஒரு கட்டுக் கீரைக்கு ஒரு மணி நேரமா? கேட்டால், "பேரம் பேசினேன்" என்கிறார். வாழ்நாளில் பேரம் பேசாத மனிதர்.

சாப்பிடும்போது இடது கால் மேஜைக்கு அடியில் மெதுவாக அமுங்குகிறது, பிறகு மெதுவாக எழும்புகிறது. திரும்பத் திரும்ப. சர்க்கரை கூடினால் நரம்பு இப்படித்தான் இழுக்கும் என்று எதிர்வீட்டு அம்மா சொன்னாள். நாளைக்கே ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். எனக்குத்தான் உடம்புக்கு முடியவில்லை, இவரையும் நானே பார்க்க வேண்டியிருக்கிறது.

ஜூன் 28, சனி

இவருக்குச் சர்க்கரை இல்லை.

ஜூலை 2, புதன்

காலையில் தூக்கம் கலைந்து பால்கனிக்கு வந்தேன். தெருமுனை வேப்பமரத்துக்குக் கீழே நம் கார். கிளம்புகிறது, ஒரு துள்ளு துள்ளுகிறது, அணைந்துபோகிறது. மறுபடி கிளம்புகிறது, துள்ளுகிறது, அணைந்துபோகிறது. மேலிருந்து பார்த்தால் கூரையும் எல் போர்டும்தான் தெரியும். ஜன்னல் வழியே கட்டம் போட்ட துணியில் ஒரு முழங்கை மட்டும் தெரிந்தது. விக்டோரியா டீச்சர். சட்டைத் துணியில் சுடிதார் தைத்துப் போடுகிறாள் போலிருக்கிறது, என்ன ரசனையோ.

மும்தாஜ் வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"அந்த டீச்சரம்மாவ விட்டுரு. இந்த ஜென்மத்துல அதுக்கு ஓட்ட வராது. காசத் திருப்பிக் குடுத்து அனுப்பு."

"வரும் அக்கா. கொஞ்சம் மெதுவா வரும். கைகால்ல ஒண்ணும் குறையில்ல, மனசுலதான் பயம். எப்பவோ யாரோ சொல்லிக்குடுக்கேன்னு சத்தம் போட்டு நல்லா பயங்காட்டி விட்டிருக்காங்க."

"எவளாவது அரகொறயா இருப்பா" என்றேன். மும்தாஜ் இறங்கிப் போய்விட்டாள்.

மத்தியானம் இவர் சொதி வைத்திருந்தார். கை முடியாமல் போனதிலிருந்து சமையல் இவருடையது. சொல்லக் கூடாது, தேங்காய்ப்பால் என் கையை விட இவர் கைக்கு நன்றாகக் கூடிவருகிறது. சாப்பிடும்போது அந்த டீச்சர் ஓட்டின ஓட்டத்தை, தட்டில் இருந்த உருளைக்கிழங்கை நகர்த்திக் காட்டிச் சிரித்தேன். இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"ஏங்க, உப்பு கம்மியா?"

"இல்ல, சரியா இருக்கு."

ஜூலை 8, செவ்வாய்

ஆனித் தேரோட்டம், உள்ளூர் விடுமுறை. தெருவே தேர் பார்க்கப் போயிருக்கிறது. நான் போகவில்லை, கூட்டத்தில் யாராவது தோளில் இடித்துவிட்டால் வம்பு. ஆளில்லாத வீட்டில் நிம்மதியாக ஐம்பது தடவை தூக்கினேன்.

இவர் வடம் தொட்டுவிட்டு வந்து, "ஆயிரம் பேரு இழுத்தாலும் தேரு அது வாற மாதிரிதான் வரும்" என்றார். யாரைச் சொல்கிறார் என்று தெரியவில்லை.

ஜூலை 12, சனி

ஜெபராணி தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"சூடா இருக்கே. லேசா வீங்கியும் இருக்கு. வீட்ல எத்தன தடவ செய்யுதீங்க ஆன்ட்டி?"

"நீ சொன்ன பத்து."

"அங்கிள்தான தூக்கிவிடுதாங்க?"

"பின்ன?"

அவள் இவரைப் பார்த்தாள். இவர் சுவரில் மாட்டியிருந்த எலும்புப் படத்தைப் பார்த்தார். முப்பது வருஷத்தில் ஒரு தடவை கூட இவர் என்னைக் காட்டிக்கொடுத்ததில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

"கூடச் செஞ்சா சீக்கிரம் சரியாகும்னு நெனைக்காதீங்க. பாலு உறை ஊத்தி வச்சிட்டு, ஆச்சா ஆச்சான்னு தொறந்து கலக்கிப் பாத்தா தயிர் ஆகுமா? எங்க, இன்னைக்காவது கைய எங்கிட்ட விடுங்க."

விட்டேன். விடவில்லை என்றாள்.

ஜூலை 16, புதன்

மும்தாஜ் அதிரசம் செய்து கொண்டுவந்து, பக்கத்தில் உட்கார்ந்து, ஆறுதலாகப் பேசினாள்.

"நீங்க ஒண்ணும் அவசரப்படாதீங்க அக்கா. ஆறு மாசம்னாலும் நல்லா ரெஸ்ட் எடுங்க. ஸ்கூல் அது பாட்டுக்கு ஓடுது."

அது பாட்டுக்கு ஓடுகிறதாம்.

அதிரசம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இறங்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் நான் பிடித்து ஓட்டின ஸ்கூல் ஐந்து வாரத்தில் அது பாட்டுக்கு ஓடினால், நான் இத்தனை நாள் பிடித்துக்கொண்டிருந்தது என்ன?

ஜூலை 19, சனி

நேற்று எழுத முடியவில்லை. இன்று இடது கையால்தான் எழுதுகிறேன்.

நேற்று மத்தியானம் இவர் தேங்காய் வாங்கப் போயிருந்தார். மும்தாஜ் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தாள். சாவி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. தெருமுனை வரை போய்த் திரும்பலாம் என்று நினைத்தேன், அவ்வளவுதான். கட்டை அவிழ்த்தேன். ஸ்டீரிங்குக்கும் கியருக்கும் இடது கை போதும், வலது கை மடியில் சும்மா இருக்கட்டும் என்பதுதான் திட்டம். ஊரில் எத்தனையோ பேர் ஒரு கையால் ஓட்டுகிறார்கள், இன்னொரு கையில் போன்.

பால் பூத் பக்கத்தில், தண்ணீர் கேன் ஏற்றின மூன்றுசக்கர வண்டி சந்திலிருந்து திடீரென்று வந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை. என் வலது கை செய்தது. கேட்காமல், சொல்லாமல், தானாகப் பாய்ந்து ஸ்டீரிங்கைப் பிடுங்கியது. தோளுக்குள் துணி கிழிகிற சத்தம். காதில் கேட்டதா, மனதில் கேட்டதா என்று இப்போதும் தெரியவில்லை. கார் ஒரு காம்பவுண்டுச் சுவரை முட்டுகிற மாதிரிப் போய், முட்டாமல் அணைந்து நின்றது. கண்ணைத் திறந்தபோது தேங்காய்ப் பையோடு இவர் ஓடி வந்துகொண்டிருந்தார். இவர் ஓடி நான் பார்த்தது எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

திட்டுவார் என்று நினைத்தேன். கதவைத் திறந்து, என்னைத் தாங்கி இறக்கி, சுற்றிக் கூட்டிப்போய் இடது சீட்டில் உட்காரவைத்தார். கட்டை எடுத்துக் கையில் மாட்டிவிட்டார்.

"ஆட்டோ கூப்பிடுங்க" என்றேன்.

இவர் தேங்காயைப் பின்சீட்டில் வைத்தார். டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். குனிந்து பார்க்காமலே சீட்டுக்கு அடியில் கையை விட்டு, லீவரை இழுத்து, டக்கென்று சீட்டைப் பின்னால் தள்ளினார். பெல்ட் போட்டார். கண்ணாடியை மேலே நிமிர்த்தினார். கியரை இரண்டு பக்கமும் ஆட்டி நியூட்ரலா என்று பார்த்தார். போட்டிருந்தது கட்டம் போட்ட சட்டை.

"விக்டோரியா டீச்சர்" என்றேன்.

"ம்" என்றார், சாவியைத் திருப்பி.

சட்டப்படி ஒரு தப்பும் இல்லை. எல் போர்டு இருக்கிறது, இவர் சட்டைப்பையில் பழகுநர் உரிமம் இருக்கிறது, பக்கத்து சீட்டில் லைசென்ஸ் உள்ள ஆள் நான் இருக்கிறேன். எங்கள் வண்டியில் இடது சீட்டுக்குக் கீழேயும் ஒரு பிரேக் உண்டு, சொல்லிக்கொடுக்கிறவருக்காக. என் வலது கால் அதன் மேல்தான் இருந்தது, பழக்கம்.

ஹைகிரவுண்டில் இருக்கிற ஆஸ்பத்திரி போய்ச்சேருவதற்குள் வண்டி மூன்று இடத்தில் அணைந்தது. அதில் ஒன்று குலவணிகர்புரம் ரயில்வே கேட்டுக்கு நடுவில். பின்னால் லாரிக்காரர் இவரை என்னென்னவோ சொல்லித் திட்டினார்.

"நான்தான் கிளட்ச டக்குன்னு விட்டுட்டேன் போல" என்று இவர் ஒவ்வொரு தடவையும் சொன்னார். "வலிக்கா? மன்னிச்சுக்க."

வலியில் என்னத்தைச் சொல்வது.

ஜூலை 21, திங்கள்

ஸ்கேன் பார்த்தாயிற்று. தையல் விட்டுப்போகவில்லை. ஆனால் ஒரு ஓரத்தில் இழுபட்டு நூலில் தொங்குகிற மாதிரி இருக்கிறதாம். முதல் நாளிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். இன்னொரு தடவை இப்படி இழுத்தால் கை இடுப்புக்கு மேலே எழும்பாது, பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். பயத்தில்தான் அழுதேன். இவர் பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் கையைப் போட வந்தவர், எந்தத் தோள் என்று யோசித்து, இடது பக்கம் எழுந்து வந்து போட்டார்.

ஜூலை 22, செவ்வாய்

கேட்டுவிட்டேன்.

"என்கிட்ட சொல்லாம எதுக்கு மும்தாஜ்கிட்டப் போனீங்க? மகளிர் மட்டும்னு போர்டுல போட்டிருக்குல்லா."

"ஒங்கிட்ட சொன்னா நீ சொல்லிக்குடுத்திருப்பியே."

இவர் வெண்டைக்காயை நறுக்கிக்கொண்டே பேசினார். இவ்வளவு நீளமாக இவர் பேசி நான் கேட்டதில்லை.

"அன்னைக்கு ஆட்டோல ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் நீ கத்துன பாரு, அது இன்னும் என் காதுல கிடக்கு. வாசல்ல வண்டி நிக்கி, எனக்கு ஓட்டத் தெரியல. வீட்ல ஒரு மனுஷன் இருந்து என்ன புண்ணியம்னு இருந்துச்சு. மெதுவா ஏறி மெதுவா எறங்க ஒரு ஆளு வேணும். அந்த அளவுக்கு ஓட்டப் படிச்சாப் போதும்னு நெனச்சேன். வேகமா ஓட்டுதது எனக்கு எதுக்கு?"

வெண்டைக்காய் கொஞ்சம் பெரிதாக நறுக்கியிருந்தார். சொல்லவில்லை.

ஜூலை 26, சனி

ஜெபராணியிடம் உண்மையைச் சொன்னேன். பத்து இல்லை, முப்பது, ஐம்பது, பிறகு கார். அவள் கோபப்படுவாள் என்று பார்த்தால், தலையில் கைவைத்துச் சிரித்துவிட்டாள்.

"ஒங்க கிட்ட பழகுத ஒருத்தி மொத நாளே ஃபோர்த் கியரு போட்டா என்ன சொல்வீங்க?"

"எறங்குன்னுவேன்."

"நான் அப்படிச் சொல்ல மாட்டேன்."

திரும்பி வரும்போது இவர் ஓட்டினார், மும்தாஜ் பின்சீட்டில். வண்ணார்பேட்டையில் ஒரு தடவை, கேட்டில் ஒரு தடவை அணைந்தது. இவர் மருந்து வாங்க இறங்கியபோது மும்தாஜ் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நான் எடது சீட்ல இருந்தா சாருக்கு வண்டி ஆஃப் ஆகுறதே இல்ல அக்கா."

"அப்படியா?" என்றேன்.

"ஆமா. டெஸ்ட்டு வேற வருது. தனக்கு இன்னும் வரலன்னு நெனச்சு, பாவம், காலைல கூடக் கொஞ்ச நேரம் கேக்காங்க."

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பெருக்கு. இவர் எலுமிச்சை சாதமும் தேங்காய் சாதமும் செய்தார். மாலையில் முதல் தடவையாக, பயிற்சிக்கு இவரிடம் கையைக் கொடுத்தேன். பிடித்தார், தூக்கினார், பத்தோடு நிறுத்தினார். தோள் காதுவரை ஏறத்தான் செய்தது. இன்னும் கொஞ்சம் செய்யலாமே என்றேன். "பாதி பசியில எந்திரிக்கணும்னு ஜெபா சொல்லியிருக்கு" என்று கையைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். என் வீட்டில் என் பேச்சுக்கு மரியாதை குறைந்துவருகிறது.

ஆகஸ்ட் 9, சனி

மும்தாஜுக்குச் சொந்தத்தில் ஒரு கல்யாணம். டவுனுக்கு நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் போக வேண்டும். டவுன் என்றால் ஈரடுக்கு மேம்பாலம் ஏறி இறங்க வேண்டும். ஏற்றத்தில் முன்னால் போகிற வண்டி நின்றால் நாமும் நிற்க வேண்டும். மறுபடி கிளம்பும்போது பிரேக்கை விட்டு, கிளட்சைப் பாதி விட்டு, ஆக்சிலரேட்டரைக் கொடுத்து, மூன்றும் ஒரே மூச்சில். அந்த இடத்தில் பழைய ஆட்களுக்கே கால் நடுங்கும். இவருக்கு நெற்றி முழுக்க வேர்வை.

"ஆட்டோல வேணா போயிருவோமா?" என்றார், சாவியைப் போடாமல்.

"வண்டிய எடுங்க" என்றேன்.

ரயில்வே கேட் வந்தது. தூரத்தில் ஒரு ஆடு குறுக்கே போக யோசித்துக்கொண்டிருந்தது. என் கால் பிரேக்கின் மேல் இருப்பதைப் பார்த்தேன். இருக்கிறது என்று எப்போதும் தெரியும், குனிந்து பார்த்தது இன்றுதான். நான் வைக்கவில்லை, அதுவாகப் போய் உட்கார்ந்திருக்கிறது, கட்டை விரல் வெளுக்கிற அளவுக்கு அழுத்தத் தயாராக.

செருப்பைக் கழற்றினேன். இரண்டு காலையும் தூக்கி சீட்டின் மேல் வைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

இவர் ஓரக்கண்ணால் பார்த்தார். "என்ன, கால் வலிக்கா?"

"ஆமா."

ஆடு போகவில்லை. நாங்கள் போய்விட்டோம். வண்டி அணையவில்லை.

மேம்பாலத்தின் ஏற்றத்தில், நான் பயந்த மாதிரியே, முன்னால் போன பஸ் நின்றது. இவர் நின்றார். பின்னால் ஹாரன். பஸ் கிளம்பியது. எங்கள் வண்டி ஒரு சாண் பின்னால் நகர்ந்தது. "கிளட்ச்!" என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அழுத்துவதற்குக் கால் இல்லை, பிடுங்குவதற்குக் கை இல்லை. வேறு வழி தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டேன். வண்டி ஒரு முறை உறுமியது, நடுங்கியது, பிறகு மேலே ஏறத் தொடங்கியது. கண்ணைத் திறந்து பார்த்திருக்கலாம். திறக்கத் தோன்றவில்லை.

அடுத்து எனக்குத் தெரிந்தது, வண்டி ஒரு மரநிழலில் நின்றுகொண்டிருந்தது. ஜன்னலை இறக்கிவிட்டு, இவர் ஒரு துண்டுத்தாளால் எனக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

"வந்துட்டோமா?"

"வந்து நேரமாச்சு. நல்லாத் தூங்கிட்ட, எழுப்ப மனசு வரல. ஜெபா ரெண்டு தடவ எட்டிப் பாத்துட்டுப் போயிட்டு."

மேம்பாலத்தில் எப்படி இறங்கினார், டவுனுக்குள் அந்த நெரிசலில் எங்கே பிரேக் போட்டார், வளைவில் ஹாரன் அடித்தாரா இல்லையா, எனக்கு ஒன்றும் தெரியாது. ஓடுகிற காரில் நான் தூங்கினது என் பிழைப்பில் இதுதான் முதல் தடவை.

தூக்கக் கலக்கத்தோடு போய்ப் படுத்தேன். ஜெபராணி கட்டை அவிழ்த்து, முழங்கைக்கு அடியில் கையைக் கொடுத்தாள். கொடுத்தவள், "ஐயோ ஆன்ட்டி!" என்றாள்.

தையல் போயிற்று என்று நினைத்தேன்.

"என்னட்டி?"

"கனக்கு!"

சிரித்துக்கொண்டே இவரைக் கூப்பிட்டாள். "அங்கிள், இங்க வாங்க, நீங்க பிடிச்சுப் பாருங்க. விட்டுட்டாங்க."

இவர் கைக்குட்டையில் உள்ளங்கையைத் துடைத்துவிட்டு வந்தார். ஒரு கை முழங்கைக்கு, ஒரு கை மணிக்கட்டுக்கு. தூக்கினார். என் கை எனக்கில்லாத மாதிரி எழும்பிப் போவதைப் படுத்தபடியே பார்த்தேன். தோள் காதுக்கு வரவில்லை, இருந்த இடத்தில் இருந்தது.

"ஏயப்பா" என்றார் இவர். "இவ்வளவு கனமா இருக்கு. இத்தன நாளும் ஒத்தையா இதத் தூக்கிட்டா அலைஞ்ச?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாத்து, மெதுவா என்று சொல்ல வாயெடுத்தேன். இவர் மெதுவாகத்தான் தூக்கிக்கொண்டிருந்தார்.